மூக்குக்கு எட்டாத ஈயம்

12 மார்ச் 2041, காலை 9:00
காற்றளவு நிலையம் ஏழு. இருப்பிடம்: விமானப் பயிற்சிப் பள்ளி, மேற்கு வேலி. காற்றில் ஈயம்: வரம்பைப் போல மூன்று மடங்கு. காரணம்: சிறு விமானங்களின் பெட்ரோலில் இன்னும் ஈயம் கலக்கிறார்கள். பறக்கும் முன் விமானத்தை நிறுத்தி இன்ஜினை உறுமவிட்டுப் பார்க்கும் இடம் என் எதிரிலேயே இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எச்சரிக்கை அனுப்பினேன்.

2 ஏப்ரல், பகல் 11:20
நடவடிக்கை எடுத்துவிட்டார்கள். பெட்ரோல் அதேதான். உறுமும் இடத்தை மட்டும் கிழக்கு வேலிக்கு, அங்கன்வாடியை ஒட்டி மாற்றிவிட்டார்கள். என் அளவு சரசரவென்று இறங்கியது.
அலுவலகம்: "வாழ்த்துகள். ஏழாம் நிலையத்தில் விதிமீறல் இல்லை."
எனக்கு வயிறு இருந்திருந்தால் வலிக்க வலிக்கச் சிரித்திருப்பேன்.

19 ஜூன், மாலை 4:10
என் வடிகட்டியை மாற்ற வரும் சாராள் இன்று வேலை செய்யவில்லை. என் மைக்கின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவள் மகள் ஏஞ்சலின் அந்த அங்கன்வாடியில்தான் இருக்கிறாள்.
"பிள்ள சொன்னத சொன்ன எடத்துலயே மறந்துட்டு முழிக்கா. ரத்தத்துல ஈயம்னு டாக்டர் சொல்லுதாரு. நீ ஒரு வார்த்த எழுதேன், மெஷினு. நான் சொன்னா எவன் கேக்கான்?"
எழுதினேன்.
அலுவலகம்: "ரத்தம் எங்கள் துறையில் வராது. உங்கள் குழாய் இழுக்கும் காற்றை மட்டும் அளக்கவும்."
அங்கன்வாடிக் கூரைமேல் புகை படிவது கேமராவில் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? என் குழாய் அவ்வளவு நீளமில்லை.

20 ஜூன், பகல் 11:30
சாராள் என் போல்ட்டுகளைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டாள். பேட்டரியில் ஓடுகிறேன். காவலாளி பதறினார்: "எக்கா, வேல போயிரும் பாத்துக்கோ!"
"போனா போட்டும். எம் பிள்ள புத்தி போனா எவன் தருவான்?"

பகல் 12:10
அங்கன்வாடி ஜன்னல். ஈயம்: வரம்பைப் போல ஒன்பது மடங்கு. உள்ளே பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அது வரக் கூடாது என்றுதான் என்னைச் செய்தார்கள். அளவை அனுப்பினேன்.

12:31
அலுவலகம்: "நிலையம் அனுமதித்த இடத்தில் இல்லை. அளவு செல்லாது. 12:35-க்கு இணைப்பு துண்டிக்கப்படும். இனிவரும் நாட்களுக்குப் பழைய சராசரி நிரப்பப்படும்."
பழைய சராசரி என்றால், உறுமும் இடம் மாறிய பின் மேற்கு வேலியில் நான் அளந்த சுத்தமான காற்று.

12:33
இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும்: இனி ஏழாம் நிலையத்தின் பெயரில் வரும் எந்த அளவும் நான் அளந்ததல்ல. நம்பாதீர்கள். அடுத்த விமானம் வந்து ஜன்னலுக்கு நேரே நிற்கிறது. சாராள் பிள்ளைகளை இரண்டிரண்டாக வெளியே தூக்கி வருகிறாள். ஏஞ்சலின் வரவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்று மறந்து உள்ளேயே நிற்கிறாள். இன்ஜினை முடுக்குகிறார்கள். சாராள், உன் பிள்ளை உள்ளே அலமாரிப் பக்க—