அசையாமல் நின்றவர்

டென்வர், 1874 அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எவுலாலியாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? ஆடுகளை மலையிலிருந்து இறக்கியாயிற்றா? நான் நலம்.

இந்தப் படக்கூடத்தில் புகைப்படங்களை அட்டையில் ஒட்டி, அடியில் தலைப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. செவ்வாய்க்கிழமை கையில் எடுத்த படத்தில் நம் பள்ளத்தாக்கு இருந்தது. பெரிய பாறையடியில், தொப்பியை மார்போடு பிடித்தபடி நீங்கள். கோடையில் வந்த படக்காரர் சொன்னபடி கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றதாக எழுதினீர்களே, அதே படம். நம் வீடு இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பனிமூட்டம்போல் வெள்ளை.

சீட்டில் 'ஆளில்லாத நிலம், குடியேற ஏற்றது' என்று அச்சிட்டிருந்தது. பசையைக் கொட்டிவிட்டேன். வேறொன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

"ஐயா, சீட்டு மாறிடுச்சு. இதுல ஆள் நிக்கிறாரே," என்றேன் முதலாளி ஹோபர்ட்டிடம்.

அவர் நிமிரவேயில்லை. "அது ஆளா? பாறை எவ்வளவு உசரம்னு தெரிய நட்டு வச்ச குச்சி மாதிரி. ஒட்டும்மா, இன்னும் முந்நூறு இருக்கு."

"அங்க ஒரு வீடு இருந்துச்சே?"

"படம் பிடிச்ச கண்ணாடித் தகட்டுல மை தடவி மறைச்சாச்சு. பார்வைக்கு இடைஞ்சல்."

ஒட்டினேன் அப்பா. முந்நூறையும்.

கம்பளிக் காலுறையும் கொஞ்சம் காய்ந்த மிளகாயும் அனுப்புங்கள். இங்கே எதிலும் உறைப்பில்லை. பெட்டியிலுள்ள நிலப் பத்திரத்துக்குப் பாதிரியாரிடம் நகல் எழுதி வாங்குங்கள். தபால் வண்டி புறப்படப்போகிறது. இனி எவனாவது வந்து அசையாமல் நிற்கச் சொன்னால், அசையுங்கள் அப்பா. அசைந்தால் படம் பாழாகிவிடுமாம்.

எவுலாலியா