புதுப் போதகரின் மனைவி

4 ஆகஸ்ட் 1988, வியாழன்

இன்று புதுப் போதகரின் மனைவி எஸ்தர் வீடு பார்க்க வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. இந்தத் தாம்பரம் சபையில் ஏழு வருஷம் போதகராக இருந்த என் வீட்டுக்காரர் இறந்து நாலு மாதம் ஆகிறது. சனிக்கிழமைக்குள் சர்ச் வீட்டைக் காலி செய்துவிட்டு, ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகை வீட்டுக்குப் போக வேண்டும்.

வந்தவள் இஞ்ச் டேப்பை எடுத்து ஜன்னல்களை அளந்தாள், திரைச்சீலை தைக்க. எனக்குச் சுருக்கென்றது. காபிகூடக் கொடுக்காமல் நின்றேன்.

பின்னறைக்கு வந்ததும் டேப்பைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

"அக்கா, வேலூர்ல எங்க பாப்பாவை அடக்கம் பண்ணி ஒரு வருஷம்தான் ஆகுது. அவளைத் தனியா விட்டுட்டு வந்துட்டேன். கர்த்தர் ஏன் எங்களை இங்க கொண்டுவந்தார்னு புரியல. எனக்காக ஜெபம் பண்ணுங்கக்கா."

எனக்கும் அதே கேள்விதான். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து நான் வாய்விட்டு ஜெபித்ததில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆண்டவரே, எங்களுக்கு வழி தெரியல. உமக்குத் தெரியும். கூட வாரும்."

அதற்கு மேல் வரவில்லை. வந்தது மனசிலிருந்து வந்தது.

கிளம்பும்போது கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை ஆராதனைல என் பக்கத்துல உக்காருவீங்களா? இங்க எனக்கு யாரையும் தெரியாது."

இனி இந்தச் சபைப் பக்கமே வரக்கூடாது என்றிருந்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலையில் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து இங்கே வர எத்தனை மணிக்கு பஸ் என்று விசாரிக்க வேண்டும். தனியாக எப்படி இருக்கப்போகிறேனோ, பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. தூக்கம் வருகிறது.