நாலாவது பாட்டு

அருளுக்கு,

அன்று அப்பா கேட்டபோது உன் பெயரை நான் சொல்லவில்லை.

அவர் தறியில் உட்கார்ந்தால் ஸ்பீக்கரில் அந்த ஆல்பம்தான். கல்யாணமான புதிதில் அம்மாவுக்குக் கேசட்டாக வாங்கித் தந்தது. இப்போது என் போனிலிருந்து ஓடுகிறது. செவிலிமேடு பஸ்ஸில் இயர்போனின் ஒரு பக்கத்தைக் கொடுத்து உன்னை நான் கேட்கவைத்ததும் அதுதான்.

அன்று காலை, முந்தின இரவு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைச் சமையலறையில் நின்று தொட்டேன். போன் ஸ்பீக்கரோடு இணைந்திருப்பதை மறந்துவிட்டேன். தறிக்குப் பக்கத்தில் உன் குரல் அந்த ஆல்பத்தின் நாலாவது பாட்டைப் பாடி, "தூங்குடி செல்லம்" என்று முடித்தது.

தறி நின்றது.

"யாருமா அது?"

"ஃப்ரெண்டுபா."

"ஃப்ரெண்டா? நம்ம வூட்டுப் பாட்டப் பாடிக்கினு இருக்கான்?"

அம்மா அடுப்பை அணைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாகறலிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களை வர வேண்டாம் என்று சொல்லும்படி நேற்று அப்பாவிடம் கேட்டேன். உன் பெயரைச் சொன்னேன். எந்தத் தெரு என்றார், அதையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் தறியில் உட்காரவில்லை. நாளை மாலை உன்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார், தனியாக.

இப்படிக்கு,
பஸ்ஸில் உன் பக்கத்து சீட்டுக்காரி