நீங்கள் திருத்திய ஒரு சொல்

என் பிரியத்துக்கும் இப்போது என் கோபத்துக்கும் உரிய அப்பாவுக்கு,

நேற்று உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். உங்களை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் உங்களோடு சண்டை போட உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போனவரிடம் சண்டை போடலாமா என்று கேட்காதீர்கள். உயிரோடு இருந்தபோது உங்களிடம் யாரால் சண்டை போட முடிந்தது?

பிலோமி வந்திருந்தாள். மணப்பாட்டிலிருந்து வந்து இங்கே சித்தி வீட்டில் தங்கி என்னோடு படித்தாளே, அவள்தான். இப்போது அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். எத்தனையோ வருஷம் என் கடிதம் எதற்கும் பதில் போடாதவள், உங்கள் சாவைக் கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து அவள் ஊருக்குப் போனதும் எங்களுக்குள் கடிதம் ஆரம்பித்தது. அன்றைக்கே நீங்கள் சட்டம் போட்டீர்கள். "சிநேகிதிதானேன்னு தமிழ்ல கிறுக்காத. இங்கிலீஷ்ல எழுது. அப்பதான் நாளைக்கு ஒரு ஆபீஸ்ல போய் உக்கார முடியும்." துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் நாளெல்லாம் இங்கிலீஷ் கடிதம் எழுதிய உங்களுக்கு, வீட்டுக்கு வந்தும் கை அரிப்பு அடங்கவில்லை. நான் முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். நீங்கள் சிவப்புப் பென்சிலால் திருத்த வேண்டும். பிறகு நான் அதைப் பார்த்து இன்லண்ட் லெட்டரில் அழகாக எழுத வேண்டும்.

"டியர் ஏளா பிலோமி" என்று ஒருமுறை எழுதினேன். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுகிற அந்த ஏளாவை அடித்தீர்கள். "அப்ப ஏளாவுக்கு இங்கிலீஷ்ல என்னப்பா?" என்று கேட்டேன். "அப்படி ஒண்ணு அந்த பாஷையில கிடையாது" என்றீர்கள். கிடையாது என்றால், அந்த பாஷையில் நான் எதற்கு அவளைக் கூப்பிட வேண்டும்? அவள் தம்பிக்கு வயிற்றுப்போக்கு நின்றதா என்று கேட்டிருந்தேன். அதையும் அடித்துவிட்டு, நீங்கள் அனைவரும் நலமென்று நம்புகிறேன் என்று இங்கிலீஷில் ஒரு வரி போட்டீர்கள். எது என் வரி, எது உங்கள் வரி என்று பிலோமிக்கு அத்துப்படி. "ஒங்கப்பா எனக்குப் போட்ட லெட்டர் கிடைச்சுது" என்று கேலி செய்து பதில் எழுதுவாள். அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு அவள் அப்பாவின் தோணி காணாமல் போனது. வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு இங்கிருந்து கொழும்புக்குப் போன தோணி. அவர்தான் அதை ஓட்டிய தண்டல். நடுக்கடலில் புயல். தோணி அக்கரை போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. எங்காவது கரை ஒதுங்கியிருப்பார்கள் என்று மணப்பாட்டில் அவள் தெருவே காத்திருந்தது.

அன்றைக்கு நான் நேராக இன்லண்டிலேயே எழுதினேன். "இதைத் திருத்தாதீங்கப்பா, அப்படியே பெட்டியில போட்டுருங்க" என்று சொல்லித்தான் உங்கள் கையில் கொடுத்தேன். தலையாட்டிச் சட்டைப்பையில் வைத்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

உன் அப்பா நல்ல மனிதர், கடவுள் அவரைக் கைவிட மாட்டார் என்று எழுதியிருந்தேன். "யுவர் ஃபாதர் இஸ் எ குட் மேன்." நீங்கள் அந்த 'இஸ்'ஸை அடித்துவிட்டு, மேலே சிவப்பில் 'வாஸ்' என்று எழுதி, ஒட்டித் தபாலில் போட்டுவிட்டீர்கள்.

எனக்கு இது நேற்றுவரை தெரியாது அப்பா. பிலோமி சொல்லித்தான் தெரியும்.

"நீ பாத்துட்டுத்தான் போட்டிருப்பன்னு நெனச்சேன்ளா. திருத்துனதோடயே அனுப்பிட்டாளே, எங்கப்பா சாவு இவளுக்கு இலக்கணப் பாடமாப் போச்சேன்னு இருந்துச்சு" என்றாள்.

அந்தக் கடிதம் போனபோது அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "என்னளா எழுதியிருக்கா, வாசி" என்றிருக்கிறார். பிலோமி சிவப்பெழுத்தைப் பார்த்துவிட்டாள். துறைமுக ஆபீஸில் வேலை பார்க்கிற மனுஷன் 'வாஸ்' என்று போட்டால் சும்மா போடமாட்டார் என்று அவளுக்குத் தெரியாதா?

"நா தமிழ்ல சொன்னேன், நம்ம அப்பா நல்லவருன்னு எழுதியிருக்கான்னு. அம்மா சிரிச்சா. ஆமா, அவிய நல்லவியதான்னா. அன்னைக்கும் அப்பாவுக்குச் சோறு எடுத்து வச்சா. தோணியோட ஒடஞ்ச பலகை கரைக்கு வந்து சேர்றதுக்கு ஈஸ்டர் ஆச்சு. அதுவரைக்கும் அந்த வீட்ல எனக்கு மட்டுந்தான் தெரியும்."

கேட்டீர்களா அப்பா? நல்லவர் என்று தமிழில் சொன்னால் போதும். இருக்கிறாரா, போய்விட்டாரா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. அதில் ஒரு மனுஷிக்கு ஈஸ்டர்வரை புருஷன் இருந்தான். உங்கள் பாஷையில் ஒன்று இருக்க வேண்டும், இல்லையென்றால் இறந்துவிட வேண்டும். நான் 'இஸ்' என்று எழுதியது தெரியாமல் செய்த தப்பு இல்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். "தோணி முங்கிட்டுன்னு கொழும்புல இருந்து ஆபீஸுக்குத் தந்தி வந்த அன்னைக்கே அவருக்குத் தெரியும்ளா. யார்ட்டயும் சொல்லாதன்னாரு. அன்னைக்கு ராத்திரி அவரு சாப்பிடல" என்றாள். இதைக் கேட்டதும் என் கோபம் குறையும் என்று அவள் நினைத்திருப்பாள். இன்னும் ஏறிவிட்டது. பட்டினி கிடக்கத் தெரிந்த உங்களுக்கு மணப்பாட்டு பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாதா? போய் அந்த வாசலில் நின்று, "தங்கச்சி, இப்படி ஒரு செய்தி" என்று சொல்ல வாய் வரவில்லையா? எங்களையெல்லாம் அதட்ட வந்த வாய்தானே அது?

ஒருவேளை, நேரில் சொல்லத் தைரியமில்லாமல் அந்த ஒரு திருத்தத்தில் சொன்னீர்களோ? அப்படியும் யோசித்துப் பார்த்தேன். அப்படியென்றால் ஒரு பெரிய மனுஷன் சொல்ல வேண்டியதைப் பதினாறு பதினேழு வயசுப் பிள்ளையின் தலையில், அதுவும் என் பெயரில் ஏற்றிவிட்டீர்கள். எது உண்மை என்று இனி யாரிடம் கேட்பேன்?

பிலோமி சாப்பிடாமல் போகவில்லை. உங்கள் படத்துக்குப் பூவும் போட்டாள். "ஆபீஸ்காரருக்கு வேற என்ன தெரியும், விடுளா" என்று எனக்கே சமாதானம் சொன்னாள். அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

இன்றைக்கு அவளுக்கு எழுதப்போகிறேன், தமிழில். நானே போய்ப் பெட்டியில் போடுவேன். உங்களை மன்னித்துவிடச் சொல்லி அதில் ஒரு வரிகூட இருக்காது. அது நீங்கள் போய்க் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு, உங்களுக்குப் பதிலாக நான் கேட்கமாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன் அப்பா. வருஷா வருஷம் உங்கள் திதிக்கு நான் வருவேன். உங்களுக்குப் பிடித்த கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை என் கையால் வைத்துப் படைப்பேன். கோபத்தோடுதான் படைப்பேன், நீங்கள் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னும் கோபம் ஆறாத
உங்கள் மூத்த மகள்,
சொர்ணம்