ஓரத்தில் கோட்டை விட்டது

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கு? கொஞ்ச நாளைக்கு மெஷினை அம்மா மிதிக்கட்டும், நீங்க துணி மட்டும் வெட்டுங்க.

இங்கே சின்ன விஷயம்தான், பயப்படாதீங்க. நெருப்பை விடச் சூடான பிளாஸ்மாங்கிற வாயுவைக் காந்தத்தால கட்டி வைக்கிறதைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கிற கணக்கு என்னோடது. சூடு நடுவுல அருமையா நின்னுச்சு, எல்லாரும் பாராட்டினாங்க. நேத்துதான் பார்த்தேன். ஆரம்பத்துல, ஓரச் சுவர் வழியா எதுவும் வெளியே போகாதுன்னு சும்மா போட்டு வெச்சதை மாத்தவே இல்லை. மாத்தினதும் மொத்தச் சூடும் வடிஞ்சுபோச்சு. எட்டு மாச வேலை. தையல்காரர் மகளா இருந்துக்கிட்டு ஓரத்திலேயே கோட்டை விட்டுட்டேன்.

என் சட்டைக் கை ஓரமும் பிரியுது. என்ன தையல் போடணும்? ஃபோன்ல சொல்லாதீங்க, உங்க குரல் கேட்டா அழுதுடுவேன். எழுதி அனுப்புங்க.

புரொபசர் ரூமுக்கு வந்துட்டார். போய் என் தப்பைச் சொல்லிடறேன். அம்மாகிட்ட, நான் நல்லா இருக்கேன்னே சொல்லுங்க.

உங்க மகள்