பெட்டி குடிக்கும் சரக்கு

ஜூலை 14
விடியவிடிய சாரல். நேற்றைய ஈரச் சட்டையே இன்றைக்கும். நான் வேலை பார்க்கிற லாட்ஜ் பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர் போய் ப்யூயல் செல் பெட்டி வந்து ஒரு மாசம். புகை கிடையாது, சத்தம் கிடையாது. மெத்தனால் கேனை மாட்டினால் போதும், கரண்ட் போனதும் ரூமுக்கெல்லாம் லைட். கம்பெனித் தம்பி நெடுநேரம் விளக்கினான். பத்தாவது பெயிலான எனக்குப் புரிந்தது: கேனை மாத்து, கதவைப் பூட்டு, சாவியைத் தொலைக்காதே.

காலிக் கேனோடு டீக்கடை. கேனில் மண்டையோட்டுப் படம். டீ ஆத்துகிறவன் கேட்டான்:
"இது யாரு அண்ணாச்சி, உங்க ஓனரா?"
"பெட்டிக்கு ஊத்துத சரக்குலே. நம்ம கணக்கா தண்ணி கலந்துதான் குடிக்கும். ஆனா அலம்பல் பண்ணாது."
ஒரே சிரிப்பு. என் மகன் இசக்கிதான் ரொம்பச் சிரித்தான்.

ஜூலை 15
அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. எண்ணெய் தேய்க்கிற ஆளுகளுக்கு வேலை இல்லை, இசக்கிக்கும்தான். லாட்ஜ் பக்கமே சுற்றினான்.
வாங்க: பூண்டு, குடைக்கம்பி, இசக்கி அம்மாவுக்கு மூட்டுத் தைலம்.
சாவி தொலையவில்லை. கதவு பக்கத்து ஆணியிலேயே தொங்குது. என் சாமர்த்தியம்.

ஜூலை 16
இசக்கிக்கு வாந்தி, தலைவலி.
"ராத்திரி என்னத்தலே குடிச்ச?"
"ரெண்டு மடக்குதாம்ப்பா."
கடைச் சரக்குன்னு நினைத்தோம். அவ மோர் கொடுத்தா. தூங்கட்டும்னு விட்டேன்.

மத்தியானம் கேன் மாற்றப் போனால், பெட்டி பக்கத்தில் லாட்ஜ் டம்ளர். விளிம்பில் ஊறுகாய்.
வீட்டுக்கு ஓடினேன். செருப்பு எங்கே விழுந்ததோ.
"சாரல் வீட்டுக்குள்ள அடிக்குப்பா. ஒரே வெள்ளையா இருக்கு."
வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை.

ஜூலை 17
தென்காசி ஜி.எச். டாக்டரம்மா: "நேத்துக் காலையிலயே வந்திருக்கணும். அது விஷம்னு நீங்க பையன்ட்ட சொல்லலையா?"
சொன்னேன். சரக்குன்னு சொன்னேன்.
இசக்கி: "நம்ம கணக்கான்னு சொன்னியளேப்பா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.
அவன் அம்மா சாப்பாட்டை மட்டும் என் பக்கம் தள்ளினா.

ஜூலை 18
மழை விட்டு நல்ல வெயில். வார்டில் ஜன்னல் எல்லாம் திறந்திருக்கு, ட்யூப்லைட்டும் எரியுது. லாட்ஜிலிருந்து போன். நேற்று கரண்ட் போச்சாம், பெட்டி அருமையா ஓடுச்சாம்.
இசக்கி கண்ணை முழித்தான். நான் இருக்கிற பக்கம் பார்க்கலை.
"அப்பா, கரண்ட் போச்சா?"
"ஆமாலே."
"உங்க பெட்டியை இங்கன கொண்டாந்து போடச் சொல்லுங்க."
சரின்னேன்.