கட்டியை முதலில் கண்டவள்

செவ்வாய், இரவு

என் மகன் கவினின் தலையிலிருந்து எடுத்த கட்டி புற்றுநோய் இல்லை என்று இன்று தென்காசியில் டாக்டர் சொல்லிவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு மண்டை எலும்பில் எப்போதாவது வருவதாம். முழுதாக எடுத்தாயிற்று. நான் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

"முதல்ல யாரு கவனிச்சது?" என்று கேட்டார். என் கணவரின் அக்கா செல்வி மதினி, "நான்தான் சார். எண்ணெய் தேய்க்கும்போது கையில தட்டுப்பட்டுது" என்றாள்.

"இன்னும் விட்டிருந்தா மூளையை அமுக்கியிருக்கும்மா" என்று அவளைப் பார்த்தே சொன்னார். பெற்றவள் நான் ஃபைலோடு பக்கத்தில் நின்றேன்.

வெளியே வந்ததும் மதினி என் தோளைத் தொட்டாள். "சீசன்ல அருவிக்கரையில போலீஸ் டூட்டி பாக்கவளுக்கு இதெல்லாம் எப்படிட்டி தெரியும்? வருத்தப்படாத." ஆறுதலாகத்தான் சொன்னாள். அதுதான் தைத்தது.

குற்றாலம் திரும்பும் வழியில், மேலகரத்தில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கவின் சேலையை விடவில்லை. "நாளைக்கு வருதேன்லே" என்றாள். வர வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "சீக்கிரம் வாங்க மதினி" என்றுதான் வந்தது.

சற்றுமுன் தூக்கத்தில் "அத்தை" என்று கூப்பிட்டான். "என்னலே" என்றேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படுத்தான். அம்மாதான் என்று நான் சொல்லவில்லை.